மீட்டர் காட்டும் ஐந்து வோல்ட்டை நம்பலாமா?

பரணில் கிடந்த பழைய வீட்டுக் கம்ப்யூட்டரை இறக்கித் தூசி தட்டுகிறவருக்கு விவரம் தெரிந்தவர்கள் சொல்லும் முதல் புத்திமதி ஒன்றுதான்: “பிளக்கைச் சொருகுறதுக்கு முன்னாடி அடாப்டர்ல வோல்டேஜ் சரியா வருதான்னு மீட்டர் வச்சுப் பாத்துருங்க.” புத்திமதியில் குற்றமில்லை. கேட்டவர் அதை எடுத்துக்கொள்ளும் விதத்தில்தான் சிக்கல். 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 5 வந்தால் அடாப்டர் நல்லது, வராவிட்டால் கெட்டது என்று அவர் முடிவு கட்டிவிடுகிறார். மதுரை வட்டாரத்தில் கைக்கு வரக்கூடிய மூன்று கம்ப்யூட்டர்களை வைத்து இந்த முடிவை உரைத்துப் பார்த்தால் மூன்றிலும் அது சறுக்குகிறது. ஒன்றில் நல்ல அடாப்டரைக் கழித்துக் கட்டச் சொல்கிறது. இன்னொன்றில் ஐ.சி.க்களைப் பலிவாங்கும் அடாப்டருக்கு நற்சான்று தருகிறது. மூன்றாவதில், புகை கிளப்பப்போகும் பாகத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அப்படியானால் வோல்டேஜ் பார்ப்பதே வீண்வேலையா? இல்லை. அந்த அளவை எதற்குச் சாட்சி சொல்லும், எதற்குச் சொல்லாது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பிரித்துப் பார்த்தால் அளவையைவிட முக்கியமான வேறொரு கேள்வி முன்னுக்கு வரும்: இந்த பவர் சப்ளை கெட்டுப்போகும்போது எந்தத் திசையில் கெட்டுப்போகும்?

எவை, எங்கிருந்து வந்தவை

1984-85இல் மத்திய அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ என்ற பள்ளிக் கணினித் திட்டம்தான் பி.பி.சி. மைக்ரோவை இந்தியாவுக்குள் மொத்தமாகக் கொண்டுவந்தது. பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனம் வடிவமைத்த இயந்திரம் அது. முதலில் 250 பள்ளிகளில் வெள்ளோட்டம் பார்த்து, பிறகு ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் போனது. பொதுத்துறை நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் அதையே ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் இங்கே விற்றது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் பள்ளிக் கம்ப்யூட்டர் அறைக்குள் போன தலைமுறைக்கு அந்தக் கறுப்பு, சிவப்பு விசைப்பலகை நினைவிருக்கும். சின்கிளேர் நிறுவனத்தின் ஸ்பெக்ட்ரம் வேறு வழியில் வந்தது. புனேயின் டெசிபெல்ஸ் நிறுவனம் 1988இல் உரிமம் பெற்று, ‘டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ்’ என்று அதை விற்கத் தொடங்கியது. கமடோர் 64க்கு இங்கே பெரிய சந்தை இருந்ததில்லை. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்த்தவர்கள் பெட்டியில் கொண்டுவந்தால்தான் உண்டு.

மூன்றும் இன்று பரணிலோ காயலான் கடையிலோ கிடக்கின்றன. மதுரையில் சித்திரை, வைகாசி வெயில் 40 டிகிரியைத் தொடும். தளத்துக்கு அடியில் இருக்கும் பரணில் அதற்கும் மேல். எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சரின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் பாதியாகக் குறையும் என்பது தொழிலில் புழங்கும் கணக்கு. முப்பது கோடையைப் பரணிலேயே கழித்த பெட்டியை ‘அதிகம் ஓடாதது, அதனால் புதுசு மாதிரி’ என்று சொல்லி விற்பவரை நம்ப வேண்டியதில்லை.

மீட்டரின் கண்

பலர் கையில் இருப்பது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மஞ்சள் நிற டிடி-830 ரக மீட்டர். டி.சி. 20 வோல்ட் ரேஞ்சில் அது 0.01 வோல்ட் வரை காட்டும். பிழை அரை விழுக்காட்டைச் சுற்றி. இந்தக் கம்ப்யூட்டர்களில் உள்ள 74எல்எஸ் வகை ஐ.சி.க்களுக்கு 4.75 முதல் 5.25 வரை ஏற்ற அளவு. 7 வோல்ட்டைத் தாண்டினால் உயிர்ச்சேதம். இந்த வரம்புக்கு அந்த மலிவு மீட்டரின் துல்லியம் தாராளம். ஒரே ஒரு எச்சரிக்கை: உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி இறங்கிவிட்டால் அது உள்ளதைக் கூட்டிக் காட்டும். குற்றமில்லாத அடாப்டர் மேல் பழி விழும். புது டார்ச் செல் ஒன்றை அளந்து பார்த்தால் மீட்டரின் யோக்கியதை தெரிந்துவிடும்.

ஆக, சராசரி டி.சி.யைச் சொல்வதில் மீட்டர் பொய் சொல்லாது. ஆனால் சராசரியை மட்டும்தான் சொல்லும். பில்டர் கண்டன்சர் காய்ந்துபோன சப்ளையில் வோல்டேஜ் விநாடிக்கு 100 முறை பள்ளத்தில் விழுந்து எழும். திரையில் கோடு ஓடும், ஸ்பீக்கரில் இரைச்சல் வரும், கம்ப்யூட்டர் காரணமில்லாமல் தொங்கும். மீட்டரோ 4.9 என்று அமைதியாகக் காட்டிக்கொண்டிருக்கும். ஏ.சி. ரேஞ்சுக்குத் திருப்பி இந்த ஏற்ற இறக்கத்தை, அதாவது ரிப்பிளை, பிடிக்கலாம் என்றால், இந்த ரக மீட்டரில் ஏ.சி.க்கு இருப்பது 200, 750 என்று இரண்டே ரேஞ்ச். 200இல் மிகச் சிறிய படி 0.1 வோல்ட். நம்மைக் கவலைப்படுத்தும் ரிப்பிளே அந்த அளவுதான். எஸ்.எம்.பி.எஸ். என்ற ஸ்விட்சிங் வகை சப்ளையின் ரிப்பிள் விநாடிக்குப் பல்லாயிரம் முறை ஆடுவது. சில நூறு ஹெர்ட்ஸுக்காகச் செய்த மீட்டருக்கு அது கண்ணிலேயே படாது.

இன்னொரு குறை மீட்டருடையதல்ல, அளக்கும் முறையுடையது. அடாப்டரைத் தனியாக வைத்து அளப்பது, மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து மாடு வாங்குவது போல. வயது தெரியும், ஏர் இழுக்குமா என்பது நுகத்தில் பூட்டினால்தான் தெரியும். சப்ளைக்கு நுகம் என்பது லோடு. அதற்கு விலை உயர்ந்த கருவி வேண்டாம். பைக் பிரேக் லைட்டில் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்பை 5 வோல்ட்டில் கொடுத்தால் சுமார் ஓர் ஆம்பியர் இழுக்கும். இண்டிகேட்டருக்குப் போடும் 10 வாட் பல்பு 10 வோல்ட்டில் முக்கால் ஆம்பியரை ஒட்டி இழுக்கும். பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது மின்தடை மிகக் குறைவு என்பதால் தொடக்கத்தில் ஒரு பெரிய இழுப்பு இருக்கும், சில எஸ்.எம்.பி.எஸ். அதைப் பார்த்து ‘ஷார்ட்’ என்று நினைத்து நின்றுவிடும். அதற்கு 5 ஓம் 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் மேல். 5 வோல்ட்டில் சரியாக ஓர் ஆம்பியர்.

ஸ்பெக்ட்ரம்: சந்தேகத்துக்கு ஆளாகும் நிரபராதி

ஸ்பெக்ட்ரம் அடாப்டரில் 9 வோல்ட் டி.சி., 1.4 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். தனியாக அளந்தால் 12, 13, சில நேரம் 14 காட்டும். ‘9க்குப் பதில் 13 வருதே, இது போச்சு’ என்று தூக்கி எறிந்தவர்கள் உண்டு. அது போகவில்லை. உள்ளே இருப்பது டிரான்ஸ்பார்மர், டயோடு, கண்டன்சர் மட்டும், ரெகுலேட்டர் கிடையாது. லோடு இல்லாதபோது கண்டன்சர் அலையின் உச்சி வரை நிரம்பி நிற்கும். 10 வாட் பல்பைக் கோத்தால் அதே அடாப்டர் 9க்கும் 11க்கும் நடுவில் வந்து உட்காரும். 5 வோல்ட்டாக மாற்றும் வேலை கம்ப்யூட்டருக்குள் இருக்கும் 7805 ரெகுலேட்டருடையது.

இந்த அடாப்டர் கெட்டால் எந்தத் திசையில் கெடும்? டிரான்ஸ்பார்மர் சுற்று அறுந்தால் வோல்டேஜ் வராது. கண்டன்சர் காய்ந்தால் குறையும். ஒயர் நைந்தால் விட்டுவிட்டு வரும். எல்லாம் கீழ்நோக்கிய கேடு. கம்ப்யூட்டர் ஓடாது, அவ்வளவுதான், சாகாது.

உண்மையான ஆபத்து வேறு இரண்டு இடத்தில். ஒன்று, பிளக்கின் துருவம்: இதில் நடுமுனை மைனஸ். இன்று கடையில் கிடைக்கும் 9 வோல்ட் அடாப்டர்கள் பெரும்பாலும் நடுமுனை பிளஸ். வோல்டேஜ் துல்லியமாக இருந்தும் அப்படியே சொருகினால் கம்ப்யூட்டருக்குச் சேதம். அளக்கும்போது மீட்டரில் மைனஸ் குறி வருகிறதா என்று பார்ப்பது இங்கே எண்ணைவிட முக்கியம். இரண்டு, கம்ப்யூட்டரின் உள்ளே பிறக்கும் வோல்டேஜ்கள். அதன் கீழ் 16 கே நினைவகத்துக்கு 4116 என்ற எட்டு ஐ.சி.கள். அவற்றுக்கு +5 மட்டும் போதாது. +12உம் −5உம் வேண்டும். உள்ளே டிஆர்4 என்ற ஒரு டிரான்சிஸ்டரை நம்பியிருக்கும் சிறு சுற்று அவற்றைத் தருகிறது. −5 நின்றுபோய் +12 மட்டும் இருந்தால் 4116 வெந்துபோகும். ஆக வெளியே அடாப்டரை எவ்வளவு அளந்தாலும் இந்தக் கொலையைத் தடுக்க முடியாது. ஐ.சி.யின் 1ஆம் காலில் −5, 8இல் +12, 9இல் +5 என்று உள்ளே அளக்க வேண்டும். அதையும் நிதானமாக: 12 வோல்ட் இருக்கும் 8ஆம் காலை ஒட்டிய 7ஆம் கால் அட்ரஸ் வழி. மீட்டர் முனை வழுக்கி இரண்டையும் தொட்டால், சோதனையே சேதமாகிவிடும்.

கமடோர்: நற்சான்று பெற்ற கொலையாளி

கமடோர் 64இன் பழைய கறுப்புக் கட்டி சப்ளை 5 வோல்ட் டி.சி.யும் 9 வோல்ட் ஏ.சி.யும் தரும். ஏழு கால் பிளக்கில் 5ஆம் காலையும் 2ஆம் காலையும் தொட்டால் மீட்டர் பெரும்பாலும் 5.0 அல்லது 5.1 காட்டும். ஸ்பெக்ட்ரம் அடாப்டரோடு ஒப்பிட்டால் முதல்தர மாணவன். லோடு போட்டாலும் அசையாது; அரைமணி நேரம் ஓட்டினாலும் தேறும்.

இங்கேதான் ‘லோடு போட்டுப் பார்த்தால் போதும்’ என்பவர்களின் வாதமும் உடைகிறது. இந்தக் கட்டிக்குள் ரெகுலேட்டர் உட்பட எல்லாவற்றையும் எபாக்சி ஊற்றி இறுக்கியிருக்கிறார்கள். சூடு வெளியேற வழியில்லை. சூடாகிச் சூடாகி ரெகுலேட்டர் ஒருநாள் உள்ளுக்குள் ஷார்ட் ஆனால், கட்டுப்படுத்தாத வோல்டேஜ் அப்படியே 5 வோல்ட் வழியில் இறங்கும். முதலில் ராம் ஐ.சி.கள் போகும். இது மேல்நோக்கிய கேடு. நேற்று 5.0 காட்டியது என்பது இன்றைக்குச் சாட்சியாகாது. அளந்த நொடிக்கு மட்டும்தான் அது சாட்சி. எபாக்சியைப் பெயர்த்துப் பழுது பார்ப்பதும் நடைமுறையில் இல்லாத வேலை.

‘ஒரு மொபைல் சார்ஜரை வெட்டி 5 வோல்ட்டை எடுத்துக்கொள்ளலாமே’ என்ற குறுக்குவழியும் செல்லாது. கமடோரின் இசைச் சில்லுக்கு வேண்டிய வோல்டேஜ், உள்ளிருக்கும் கடிகாரத்தின் துடிப்பு, கேசட் மோட்டார் எல்லாம் அந்த 9 வோல்ட் ஏ.சி.யிலிருந்து வருபவை. 5 மட்டும் கொடுத்தால் பாதி இயந்திரம் ஊமை.

பி.பி.சி.: மீட்டர் பார்க்காத பக்கம்

பி.பி.சி. மைக்ரோவின் சப்ளை பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. தொடக்கத்தில் வந்த சாதாரண ரக சப்ளைகள் சூடேறித் தொல்லை கொடுத்ததால் ஆஸ்டெக் நிறுவனத்தின் எஸ்.எம்.பி.எஸ். வந்தது, 5 வோல்ட்டில் 3.75 ஆம்பியர், கூடவே −5 வோல்ட். மூன்று ஜோடி சிவப்பு, கறுப்பு ஒயர்கள் தாய்ப்பலகையின் மூன்று இடங்களில் சொருகியிருக்கும். ஊதா ஒயர் −5. சப்ளை முனையில் 5.05 இருந்து, ஆக்சைடு பிடித்த ஸ்பேட் முனை தாண்டி ஐ.சி.யின் காலுக்கு 4.6 மட்டுமே வந்து சேர்ந்தால் கம்ப்யூட்டர் தொங்கும். அதனால் இதில் அளக்க வேண்டிய இடம் சப்ளையின் வாய் அல்ல, பலகையின் மறுகோடி. கமடோரின் கேடு இதில் அரிது. எலக்ட்ரோலிட்டிக் காய்ந்தால் வோல்டேஜ் தளரும், அல்லது சப்ளை தொடங்காது.

ஆனால் இதன் பெயர்பெற்ற கோளாறு வெளியீட்டில் இல்லை. மெயின்ஸ் நுழையும் இடத்தில் இரைச்சலை வடிகட்ட இரண்டு கண்டன்சர்கள்: 0.1, 0.01 மைக்ரோபாரட். பெரும்பாலும் ரிஃபா நிறுவனத்துடையவை. மஞ்சள் கலந்த, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறை. உள்ளே உலோகம் பூசிய காகிதச் சுருள். ஆண்டுகள் போகப்போக உறையில் மயிரிழை விரிசல் விழும். அதன் வழியே காற்றின் ஈரம் காகிதத்தில் இறங்கும். 230 வோல்ட் கொடுத்தால் உடனேயோ, இருபது நிமிடம் கழித்தோ அடர்த்தியான புகையோடு வெடிக்கும். புகை வந்துகொண்டிருக்கும்போதும் கம்ப்யூட்டர் வேலை செய்துகொண்டேயிருப்பதும் உண்டு. 5 வோல்ட் 5 ஆகவே இருக்கும்! வெளியீட்டு வோல்டேஜை மட்டும் வைத்து சப்ளைக்குச் சான்று எழுதுவது எவ்வளவு அரைகுறை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ரேடியோ மெக்கானிக்குகளின் பழைய ஆயுதமான சீரியஸ் போர்டு இங்கே பாதி உதவும். வழியில் 100 வாட் குண்டு பல்பைத் தொடராக வைத்தால், ஷார்ட் இருந்தால் பல்பு முழுப் பிரகாசமாக எரிந்து சேதத்தைத் தடுக்கும். டிரான்ஸ்பார்மர் அடாப்டருக்கு அது அருமையான சோதனை. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு அப்படியல்ல, போதிய மின்சாரம் கிடைக்காமல் தொடங்குவதும் நிற்பதுமாகத் துடிக்கும், நல்ல சப்ளையும் கெட்டதாகத் தெரியும். திறந்து வேலை பார்ப்பவர் ஒன்றை மறக்கக் கூடாது: உள்ளிருக்கும் பெரிய கண்டன்சரில் 325 வோல்ட்டை ஒட்டித் தேங்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கொஞ்ச நேரம் அது இருக்கும்.

சுவரிலிருந்து வருவது

பிரிட்டனில் எழுதப்படும் கையேடுகள் சுவர் மின்சாரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. அங்கே அது கேள்விக்கு அப்பாற்பட்டது. இங்கே கேள்வியே அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். 230 வோல்ட்டுக்கு ஆறு விழுக்காடு மேலும் கீழும், அதாவது சுமார் 216 முதல் 244 வரை, என்பது புத்தகக் கணக்கு. மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துத் தோட்ட வீடுகளில் மும்முனை மின்சாரம் முறை வைத்து வந்த காலத்தில், கரண்ட் வந்ததும் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்ட மோட்டார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் உறுமும். பல்பு மங்கிப் பிறகு எழும். அவை ஓய்ந்த இரவில் வோல்டேஜ் ஏறும். இந்த ஏற்ற இறக்கம் எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பெரிதாகப் பாதிக்காது. ஸ்பெக்ட்ரமின் ரெகுலேட்டர் இல்லாத அடாப்டரை நேரடியாகப் பாதிக்கும்.

ஊர், நகரம் பார்க்காமல் வரும் பெரிய ஆபத்து நியூட்ரல் கட். தெரு டிரான்ஸ்பார்மரின் நியூட்ரல் அறுந்தால், ஒரு வீட்டுக்கு வரும் 230, அடுத்த பேஸின் லோடைப் பொறுத்து 400ஐ நோக்கி ஏறலாம். ஒரே தெருவில் பல வீட்டு டி.வி.யும் மிக்சியும் ஒன்றாகப் போவதற்குக் காரணம் இதுதான். அடாப்டரை எத்தனை முறை அளந்திருந்தாலும் இதற்குத் தடையில்லை. ஹை வோல்டேஜில் தானாக இணைப்பை அறுக்கும் ஸ்டெபிலைசருக்குத்தான் இங்கே மதிப்பு. வோல்டேஜை ஏற்றி இறக்கும் வேலை இரண்டாம்பட்சம்.

இன்வெர்ட்டர் இன்னொரு பொறி. 2012ஐ ஒட்டிய நீண்ட மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய மலிவான ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. சுவர் மின்சாரத்தின் அலை உச்சி 325 வோல்ட்; ஸ்கொயர் வேவில் உச்சியும் 230தான். கண்டன்சர் நிரம்புவது உச்சியைப் பொறுத்து. அதனால் ஸ்பெக்ட்ரம் அடாப்டரின் வெளியீடு 7 வோல்ட்டை ஒட்டி இறங்கும். அந்த 7தான் 7805 ரெகுலேட்டருக்கு வேண்டிய அடிமட்டம். இதில் வேடிக்கை, மலிவு மீட்டர் அந்த இன்வெர்ட்டரை அளந்தால் 255 என்று கூட்டிக் காட்டும். சைன் அலைக்காகச் செய்த கணக்கைச் சதுர அலைக்கும் அது போட்டுவிடுகிறது. மீட்டர் மிகுதி என்கிறது, கம்ப்யூட்டர் பட்டினி கிடக்கிறது.

தீர்ப்பு

எதிர்த்தரப்பின் வாதத்தையும் எடைபோட்டாக வேண்டும். ‘பழைய சப்ளை எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் புதியது போட்டால் இத்தனை ஆராய்ச்சி எதற்கு?’ கேட்க நியாயமாகத் தெரியும். ஆனால் நாற்பது ஆண்டு தாங்கிய இரும்பு டிரான்ஸ்பார்மரைத் தூக்கி எறிந்து, அட்டையில் எழுதிய ஆம்பியரைத் தராத பெயரில்லா எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் போடுவது முன்னேற்றம் ஆகாது. அதில் துருவம் மாறினால் கம்ப்யூட்டரே போகும். ஒட்டுமொத்த மாற்றமும் ஒட்டுமொத்த நம்பிக்கையைப் போலவே ஆராயாத முடிவுதான்.

விலைக் கணக்கு வேறு பக்கம் சாய்கிறது. கமடோரின் இசைச் சில்லையும் ஸ்பெக்ட்ரமின் யூ.எல்.ஏ. என்ற சில்லையும் இன்று எந்தத் தொழிற்சாலையும் பழைய வடிவில் தயாரிப்பதில்லை. நல்ல சப்ளையைத் தவறாகச் சந்தேகித்தால் போவது ஓர் அடாப்டர் விலை. கெட்ட சப்ளையைத் தவறாக நம்பினால் போவது திரும்பக் கிடைக்காத சில்லு. இந்த இரண்டு தவறுகளும் சமமில்லாதபோது, மேல்நோக்கிக் கெடும் சப்ளைக்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுக்கக் கூடாது. கீழ்நோக்கிக் கெடுவதற்குக் கொடுக்கலாம்.

அதன்படி, ஸ்பெக்ட்ரம் அடாப்டர் விடுதலை. லோடில் அளந்து, துருவம் பார்த்து, சைன் அலை மின்சாரத்தில் ஓட்டலாம். உள்ளே 4116இன் மூன்று வோல்டேஜ்களை ஒருமுறையாவது சரிபார்க்க வேண்டும். பி.பி.சி. சப்ளைக்கு நிபந்தனை விடுதலை. அந்த இரண்டு மெயின்ஸ் கண்டன்சர்களையும் மாற்றும் வரை சுவர் மின்சாரமே காட்டக் கூடாது. மாற்றியபின் பலகையின் மறுகோடியில் அளக்க வேண்டும். கமடோரின் எபாக்சிக் கட்டிக்கு ஓய்வு. மீட்டர் 5.00 காட்டினாலும் ஓய்வு. அதையே ஓட்டித்தான் ஆக வேண்டும் என்பவர், 5.5ஐ ஒட்டித் தானாக அறுக்கும் பாதுகாப்புச் சுற்றை இடையில் வைக்காமல் சொருகக் கூடாது.

மீட்டர் வைத்துப் பார்க்கும் பழக்கத்தை யாரும் விட வேண்டாம்; செத்த அடாப்டரையும் துருவம் மாறியதையும் அப்பட்டமாக மிகுந்த வோல்டேஜையும் ஒரு நிமிடத்தில் பிடித்துத் தரும் வேறு சோதனை இல்லை. ஆனால் அது பிழையுள்ளதைத் தள்ளும் சோதனை, நல்லதைத் தேர்ந்தெடுக்கும் சோதனை அல்ல. ‘வோல்டேஜ் சரியாக வருகிறது’ என்று யாராவது பழைய கம்ப்யூட்டர் விற்க வந்தால், எந்த லோடில், எந்த முனையில், எவ்வளவு நேரம் ஓட்டி அளந்தது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் பெட்டியை மட்டும் வாங்குங்கள்; சப்ளைக்குத் தனிக் காசு கொடுக்காதீர்கள்.